சங்கம் இல்லாதவருக்காகச் சம்பளம் பேசுவது யார்?

அமெரிக்காவின் சியாட்டில் நகர ஊழியர்களுக்கு 2023-ம் ஆண்டுக்கான சம்பள உயர்வு 2024-ல்தான் கைக்கு வந்தது. பேச்சுவார்த்தை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது. நகர நிர்வாகம் முதலில் 1 சதவீதத்தில் பேரத்தை ஆரம்பித்ததும் தொழிற்சங்கங்கள் கொதித்துப்போயின. கொதிக்காமல் என்ன செய்யும்? 2022 ஜூனில் அந்நாட்டின் விலைவாசி உயர்வு 9.1 சதவீதத்தைத் தொட்டிருந்தது. கடைசியில் 2023-க்கு 5 சதவீதம், 2024-க்கு 4.5 சதவீதம் என்று முடிவாகி, நிலுவையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

அந்தப் பேச்சுவார்த்தையில் இடமே இல்லாத ஒரு பிரிவினருக்கும் அதே உயர்வு கிடைத்தது. நிர்வாக அதிகாரிகள், ஆலோசகர்கள், மனிதவளப் பிரிவின் சிலர் என்று எந்தச் சங்கத்திலும் சேராதவர்கள் அவர்கள். இவர்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. நகர்மன்றம் முறைப்படி வாக்கெடுத்துத் தனியாக ஒரு நகரச் சட்டத்தையே நிறைவேற்றினால்தான் சம்பளம் ஏறும். நடைமுறையில், சங்கங்கள் போராடி வாங்கிய சதவீதத்தைப் பார்த்து அதே எண்ணை இவர்களுக்கும் எழுதிவிடுகிறார்கள்.

விரும்பினால் இவர்களும் சங்கத்தில் சேரலாமே என்று தோன்றும். பலருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 1967 முதல் நடப்பில் உள்ள 'டெய்லர் சட்டம்' அரசு, நகர ஊழியர்களுக்குச் சங்க உரிமை தருகிறது. வேலைநிறுத்தம் மட்டும் கூடாது. ஆனால், கொள்கை வகுக்கும் அதிகாரிகளும், சங்கங்களுடனான பேரம் பற்றிய ரகசியக் கோப்புகளைக் கையாளுபவர்களும் அந்த உரிமைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். எதிரணியின் திட்டத்தைத் தட்டச்சு செய்பவரே சங்க உறுப்பினராகவும் இருந்தால் பேரம் எப்படி நடக்கும் என்பது வாதம். நியாயமான வாதம்தான். அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

அது 2009-ல் தெரிந்தது. நிதி நெருக்கடியில் இருந்த நியூயார்க் மாநில அரசு, தன் 'மேலாண்மை மற்றும் ரகசியப் பிரிவு' ஊழியர்களுக்கு 2009-ல் வரவேண்டிய 3 சதவீதத்தையும், 2010-ல் வரவேண்டிய 4 சதவீதத்தையும் நிறுத்திவைத்தது. சங்கத்தினருக்கு ஒப்பந்தம் இருந்ததால் அவர்களின் உயர்வில் கைவைக்க முடியவில்லை. நிறுத்திய உயர்வைத் திருப்பித் தருவதற்கான சட்டம் 2015-ல்தான் வந்தது. அதுவும் நான்கு தவணையாக.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கணக்குக்கு, மேற்பார்வையாளர் ஆண்டுக்கு 80,000 டாலரும் அவருக்குக் கீழே வேலை செய்பவர் 75,000 டாலரும் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகள் மேலே இருப்பவரின் சம்பளம் அப்படியே நிற்க, கீழே இருப்பவருக்கு ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் அவர் கிட்டத்தட்ட 82,000-ஐத் தொட்டுவிடுவார். பிறகு பதவி உயர்வை யார் ஏற்பார்கள்? சங்கத்துக்குக் கொடுத்ததையே மற்றவர்களுக்கும் கொடுப்பதற்குப் பின்னால் தாராள மனசைவிட இந்தக் கணக்குதான் அதிகம்.

பார்த்து எழுதச் சங்க ஒப்பந்தமே இல்லாத ஊர்களும் இருக்கின்றன. தனியார் தொழிலாளருக்குச் சங்க உரிமை தந்த 1935-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் அரசு ஊழியர்களை விட்டுவிட்டது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. 1959-ல் விஸ்கான்சின் தன் நகர ஊழியர்களுக்குப் பேரம் பேசும் உரிமையைக் கொடுத்தது. அதே ஆண்டு வட கரோலினா, அரசு ஊழியர் சங்கங்களுடன் ஒப்பந்தம் போடுவதையே சட்டவிரோதமாக்கியது. விஸ்கான்சினும் 2011-ல் தான் கொடுத்ததில் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டது.

வட கரோலினாவின் டர்ஹம் நகரில் 2023 செப்டம்பரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைக்கு வந்தார்கள். ஆனால் குப்பை லாரிகளில் ஏற மறுத்தார்கள். அங்கே அரசு ஊழியர் வேலைநிறுத்தம் குற்றம் என்பதால்தான் இந்த வழி. தங்களுக்கு ஆளுக்கு 5,000 டாலர் போனஸ் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. சில நாட்கள் தெருக்களில் குப்பை தேங்கியது. அடுத்த மாதமே நகர்மன்றம் போனஸுக்கு ஒப்புதல் தந்தது. 2024 பட்ஜெட்டில் சம்பளமும் ஏறியது. 1959-ம் ஆண்டுச் சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.