கல்குடாவின் கடைசிப் பிரதிநிதி

மட்டக்களப்பு வாவியின் நடுவே கிடக்கும் புளியந்தீவைச் சுற்றி நடந்துவர அதிக நேரம் பிடிக்காது. ஆயினும் அச்சிறு தீவின் அதிகாரம் வாவியையும் கடந்து வயலும் வனமுமாக நெடுந்தூரம் பரந்திருந்தது. போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அங்கே நிற்கின்றது. அக்கோட்டைக்குள்ளேதான் மட்டக்களப்புக் கச்சேரி நெடுங்காலம் இயங்கியது. காணி வேண்டுமா, அனுமதிப் பத்திரம் வேண்டுமா, குளத்து நீரில் பிணக்கா? எதுவாயினும் மக்கள் அக்கோட்டை வாசலுக்கே வந்து காத்து நின்றார்கள்.

அந்தக் கச்சேரியும் நாட்டின் ஏனைய கச்சேரிகளும் ஒருகாலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துச் சட்டத்தரணி ஒருவரின் அமைச்சின்கீழ் இருந்தன. அவர்தாம் கல்குடாத் தொகுதிப் பிரதிநிதி திரு. கே. டபிள்யூ. தேவநாயகம். அவ்வதிகாரம் எதுவரை செல்லும் என்பதைச் சோதிக்கும் காலமும் அவருக்கு வந்தது.

அவருக்கு முன் அத்தொகுதியில் இருந்தவர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். 1944இல் சட்டசபையிலே சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டுமென்று ஜே. ஆர். ஜயவர்த்தன பிரேரணை கொணர்ந்தபோது, 'தமிழும்' என்ற சொல்லைச் சேர்க்குமாறு திருத்தம் கொண்டுவந்தவர் திருகோணமலை – மட்டக்களப்புப் பிரதிநிதி வி. நல்லையா. சபை அதனை ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 1956இல் அந்த ஏற்பு என்னவாயிற்று என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. 1947இல் கல்குடா தனித் தொகுதியானபோது அதன் முதல் உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தவரும் நல்லையா அவர்களே.

தேவநாயகம் 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் அங்கே வெற்றி பெற்றார். அதே தேர்தலில் பட்டிருப்பில் சி. மூ. இராசமாணிக்கமும், மட்டக்களப்பின் முதல் உறுப்பினராக செ. இராசதுரையும் தமிழரசுக் கட்சிக் கொடியோடு வென்றார்கள். அக்கொடி பறந்த காலத்தில், அதனை ஏந்தாமல் ஒரு தமிழர் வெல்வது இலகுவான காரியமன்று. ஆனால் கல்குடாவின் அமைப்பு வேறு. வாழைச்சேனை, ஓட்டமாவடி, வாகரை என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நிலம் அது. மொழியுரிமையோடு குளமும் காணியும் வீதியும் அங்கே வாக்குகளைத் தீர்மானித்தன. அரசாங்கத்துக்குள் ஓர் ஆள் இருப்பது நல்லது என்ற எண்ணத்துக்கும் இடமிருந்தது. அந்த எண்ணம் சரியா என்பதே தேவநாயகத்தின் வாழ்க்கையைப் படிப்போர் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்வி.

1970இல் அவருடைய கட்சி நாடெங்கும் படுதோல்வியடைந்து பதினேழு ஆசனங்களோடு சுருங்கிற்று. அப்பதினேழில் கல்குடாவும் ஒன்று. 1977 ஜூலையில் காற்று மறுபுறம் திரும்ப, 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றிய கட்சியின் மந்திரி சபையில் அவர் நீதி மந்திரியானார். அடுத்த மாதமே இனக் கலவரம் மூண்டது. அதனை விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையில் ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது.

நீதிமன்றங்களின் அமைப்பே அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் பழைய முறைகளைப் பெரிதும் கலைத்திருந்தது. அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரு வகையாயிருந்தோரை ஒரே சட்டத்தரணியாக்கியதும் அச்சட்டமே. (ஊரில் முதியோர் அதன் பின்னரும் அப்புக்காத்தர் என்றே அழைத்துவந்தார்கள் என்பது வேறு விஷயம்.) தேவநாயகம் மந்திரியாயிருந்த காலத்தில், 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் மேல் நீதிமன்றம் முதல் ஆரம்ப நீதிமன்றம் வரை புதிய வரிசையை ஏற்படுத்தியது, 1979இல் புதிய குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வந்தது. நாட்டின் வழக்கு நடைமுறை இன்றும் பெரும்பாலும் இவற்றின் மீதே நிற்கின்றது.

அதே 1979இல்தான் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நிறைவேறிற்று. தற்காலிக ஏற்பாடு என்ற பெயரோடு வந்த அச்சட்டம் பல்லாண்டுகள் நிலைத்து எத்தனை தமிழ் வீடுகளின் கதவைத் தட்டியது என்பதை எண்ணும்போது, அந்நாளில் நீதி மந்திரியின் ஆசனத்தில் ஒரு தமிழர் இருந்தார் என்ற உண்மை நெஞ்சை உறுத்தவே செய்யும். அதனை மறைத்து அவர் சரித்திரத்தை எழுதுவது நேர்மையன்று.

1980இல் அவர் உள்நாட்டு விவகார மந்திரியானார். அரசாங்க அதிபர்களும் கச்சேரிகளும் அவர் பொறுப்பில் வந்தன.

பின்னர் வந்தது 1983. ஜூலைக் கலவரத்தைத் தொடர்ந்து ஓகஸ்ட் மாதம் அரசியலமைப்புக்கு ஆறாம் திருத்தம் நிறைவேறியது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அதன்படி சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்துச் சில மாதங்களுக்குள் ஆசனங்களை இழந்தார்கள். கிழக்குத் தமிழருக்காகப் பாராளுமன்றத்தில் பேச எஞ்சியவர்கள் அரசாங்க வரிசையில் இருந்தவர்களே. அந்த வேளையில், மாதுறு ஓயாவின் வலது கரையிலே, மட்டக்களப்பு மாவட்டத்துக்குள், பல்லாயிரம் சிங்களக் குடியேற்றவாசிகள் வந்திறங்கினார்கள். திம்புலாகலை விகாரையின் பிக்கு ஒருவர் முன்னின்றார். மகாவலி அதிகாரசபை உத்தியோகத்தர் சிலர் பின்னின்று உதவினார்கள். இது வெறும் வதந்தியன்று. அவ்வுத்தியோகத்தருள் ஒருவரே 1988இல் வெளியிட்ட நூலில் தம் பங்கை விவரித்திருக்கிறார்.

அந்நிலம் தேவநாயகத்தின் தொகுதி. மாதுறு ஓயாவின் நீர் வந்து சேருவதும் வாழைச்சேனைப் பக்கத்துக்கே. மந்திரி பதவியின் வசதிக்காக வாய்மூடி இருந்திருந்தால் அன்றிருந்த சூழலில் எவரும் வியந்திரார். அவர் வாய்மூடவில்லை. தாம் அங்கம் வகித்த அரசாங்கத்தின் நிலத்திட்டத்துக்குள் நடந்த அத்துமீறலை அவர் பகிரங்கமாகவே எதிர்த்தார். விவகாரம் வெளிப்பட்டது, குடியேறியவர்கள் அகற்றப்பட்டார்கள், உத்தியோகத்தர் சிலர் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

1979ஐயும் 1983ஐயும் ஒரே தராசில் இட்டு நிறுப்பது கடினம். ஒன்றில் மந்திரி சபையின் கூட்டுப் பொறுப்பு அவரைக் கட்டியிருந்தது. மற்றொன்றில் தொகுதியின் மண் அவரை எழுப்பிவிட்டது. காணிப் பிணக்கின் கனம் சட்டத்தொழில் செய்தவருக்குத் தெரியாததன்று. எல்லைக்கல் ஒரு தடவை நகர்ந்துவிட்டால் அதனைத் திரும்ப நகர்த்த எத்தனை ஆண்டுகள் வழக்காட வேண்டும் என்பதை அறிந்தவர் அவர்.

1982 டிசெம்பர் சர்வஜன வாக்கெடுப்பினால் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டபடியால், 1977இல் கிடைத்த ஆசனம் அவருக்குப் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1989 பெப்ரவரியில் விகிதாசார முறையில் தேர்தல் நடந்தபோது தனித் தொகுதிகள் எல்லாம் மாவட்டங்களுக்குள் கரைந்துபோயின. நல்லையாவில் தொடங்கிய கல்குடா உறுப்பினர் வரிசை தேவநாயகத்தோடு முடிந்தது. இன்று கல்குடா என்பது மட்டக்களப்பு மாவட்டத்தில் வாக்குகளை எண்ணும் பிரிவு ஒன்றின் பெயர்.