கண் சொக்கும் சாமம்

இராக்காவல் – தொடர் 11

போன கிழமை, விளக்கோடு வாவிக்குள் இறாலுக்குப் போகிறவர்களின் தோணியில் ஓர் இரவு இருந்ததை எழுதினேன். இந்தக் கிழமையும் இரவுதான். மட்டக்களப்பின் படுவான்கரை வயலில் தொடங்கி, கடல் தாண்டி, அணுவுலைகள் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்குக் காரணம் ஒரு கைப்பிடிச் சாம்பல்.

வெல்லாவெளியில் பெரும்போக வேளாண்மை கதிர் முற்றத் தொடங்கினால் ஆம்பிளைகள் வீட்டில் படுப்பது குறைவு. யானை வரும். வட்டைக்குள் வாடி, மரத்தின்மேல் பரண், கீழே நெருப்பு, கையில் டோர்ச்சும் யானைவெடியும். எனக்குப் பதினாறு வயதில் பெரியப்பாவோடு முதன்முதல் காவலுக்குப் போனேன். முன்சாமம் அவருக்கு, பின்சாமம் எனக்கு என்று ஒழுங்கு. என்னை எழுப்பிவிட்டு அவர் சாக்கை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்தார். விடியப்புறம் எழும்பி, "கண்ணயந்தியா மனே?" என்றார்.

"இல்ல பெரியப்பா."

நான் பொய் சொல்லவில்லை. தவளைச் சத்தம், பனி, தூரத்து வாடியில் ஆரோ கூவியது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பரணை விட்டிறங்கி, நெருப்பு மூட்டிய இடத்தில் குந்தி, சாம்பலுக்குள் கையை விட்டார். விட்ட கையை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு தணலும் இல்லை. பக்கத்து வயலில் வரம்போடு சேர்ந்த பகுதி மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. அந்த வயல்காரருக்குப் பெரியப்பா தன் களத்திலிருந்து நெல் கொடுத்தார். என்னை ஏசவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பின்சாமத்தை இரண்டாகப் பிரித்தார்.

அந்தச் சாம்பலை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. அலுத்துப்போன மூளை சில விநாடிகளுக்கு உறங்கி மறுபடி விழிக்கும். கண் திறந்தபடியே இருக்கலாம். உறங்கியவருக்கு அது பெரும்பாலும் தெரியாது, எனவே அவருடைய நினைவிலும் இராது. விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பின் சூடு தணிந்து, நித்திரை அடியிலிருந்து இழுக்கும். பகலில் எவ்வளவு படுத்தெழும்பினாலும் அந்த இழுப்பு முழுதாகப் போகாது. 1997இல் ட்ரூ டோசன், கத்ரின் ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவுஸ்திரேலியாவில் 40 பேரை 28 மணித்தியாலம் விழித்திருக்க வைத்துச் சோதித்தார்கள். வேறொரு நாளில் அதே ஆட்களுக்கு மதுவைக் கொடுத்து அதே சோதனையைச் செய்தார்கள். 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவரைப் போலத் தடுமாறின. 24 மணித்தியாலத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பானது.

குடித்தவனை மணத்தில் பிடிக்கலாம். அலுப்புக்கு மணமில்லை. அதனால் ஒருவர் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார், எத்தனை மணித்தியாலம் ஓய்ந்தார் என்று எண்ணிப் பார்ப்பதைவிட வேறு வழி அதிகமில்லை. இந்த எண்ணிக்கையை மிக நுணுக்கமாகச் சட்டமாக்கிய தொழில்களில் ஒன்று அணுமின் நிலையம்.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், திறி மைல் ஐலண்ட். விடியப்புறம் நாலு மணிக்கு இரண்டாவது உலையின் நீராவியாக்கிகளுக்கு நீர் அனுப்பும் பம்பிகள் நின்றன. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு ஒன்று திரும்ப மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறையிலிருந்த சிறு விளக்கோ அது மூடிவிட்டதாகக் காட்டியது. 'மூடு' என்ற கட்டளை போனதைத்தான் அந்த விளக்கு சொன்னது, வால்வு உண்மையில் மூடியதா என்பதை அல்ல. உலைக்குள் தண்ணீர் கூடிவிட்டது என்று நம்பி, தானாகத் தொடங்கிய அவசர நீரையும் குறைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக அந்த நம்பிக்கை மாறவில்லை. காலை ஆறு மணியளவில் அடுத்த முறைக்காக வந்த ஒருவர், வால்வுக்குப் பின்னாலுள்ள குழாயின் சூட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். அந்த வால்வுக்கு முன்னாலிருந்த தடுப்பு வால்வை மூடச் செய்தார். அப்போது மணி 6.22. அதற்குள் ஏறத்தாழ 1,20,000 லீற்றர் தண்ணீர் வெளியேறிவிட்டது. உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழ பாதி உருகியது.

அந்த விபத்துக்கு நித்திரைதான் காரணம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பிழை காட்டிய விளக்கு, போதாத பயிற்சி, குழப்பமான கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் சேர்ந்தது அது. ஆனாலும் அந்த ஆறு மணி என்னைப் பிடித்துக்கொண்டது. அறைக்குள் இருந்தவர்களுக்கும் அதே குழாய், அதே முள், அதே எண்தான். புதிதாக வந்தவரின் கண்ணுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் இராமுறையின் சிக்கல் இன்னொரு விதமாக வந்தது. 1986 ஏப்ரல் 25 பகலில் உலையில் ஒரு பாதுகாப்புச் சோதனை செய்யவேண்டியிருந்தது. பிற்பகல் இரண்டு மணியளவில், மின்சாரம் தேவைப்படுகிறது, உலையின் வலுவை இன்னும் இறக்கவேண்டாம் என்று கியேவ் மின்கட்டுப்பாட்டு நிலையம் கேட்டது. இரவு 11.10 வரை வேலை தள்ளிப்போனது. சோதனைக்கு ஆயத்தப்பட்டிருந்த பகல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நள்ளிரவில் பொறுப்பேற்ற இராக்காரர் கையில் ஆயத்தமில்லாத சோதனையும் நிலைகுலைந்த உலையும் வந்து சேர்ந்தன. 1.23க்கு உலை வெடித்தது. உலையின் அமைப்பிலேயே பாரிய குறை இருந்தது என்பதை உலகம் பின்னர் அறிந்தது. என்றாலும், ஒரு வேலை எந்தச் சாமத்தில் எந்தக் கையில் விழுகிறது என்பதை ஒரு தொலைபேசி அழைப்பு தீர்மானித்துவிட்டதே.

இனி, உண்மையாகவே உறங்கியவர்களின் கதைக்கு வருகிறேன். பென்சில்வேனியாவிலேயே பீச் பொட்டம் என்ற அணுமின் நிலையம் உண்டு. 1987 மார்ச் 31 அன்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழு அதை மூடச் சொன்னது. அந்தக் கட்டளைக்குக் காரணம் உலையின் பழுதல்ல. கட்டுப்பாட்டறையில் இயக்குநர்கள் உறங்கினார்கள், வீடியோ விளையாட்டு விளையாடினார்கள் என்பதுதான் குற்றம். மீண்டும் இயக்க இரண்டு வருடம் ஆனது. கம்பனிக்கு 12.5 இலட்சம் டொலர் தண்டம், இயக்குநர்களுக்கும் தனித்தனியே தண்டம். 'ஒழுக்கம் கெட்டவர்கள்' என்ற சொல்லோடு பலரும் கதையை முடித்துக்கொண்டார்கள்.

இருபது வருடம் கழித்து, 2007இல், அதே நிலையத்தில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் அவசரத்துக்கு ஆயத்தமாக இருக்கவேண்டிய அறையில் வரிசையாக உறங்குவதைச் சக காவலர் ஒருவர் வீடியோ எடுத்தார். செப்டெம்பரில் நியூயோர்க் தொலைக்காட்சி ஒன்று அதை ஒளிபரப்பியது. அந்த வருடம் மார்ச்சிலேயே ஆணைக்குழுவுக்குக் கடிதம் போயிருந்தது. அந்த முறைப்பாட்டை ஆணைக்குழு நிலையத்துக்கே அனுப்பி விசாரிக்கச் சொல்ல, அப்படி ஒன்றுமில்லை என்று பதில் வந்திருந்தது. ஆட்கள் மாறி, தலைமுறை மாறி, தொழிலும் வேறாகி, அதே வளவுக்குள் அதே நித்திரை. அப்படியானால் ஒழுக்கத்தை மட்டும் குற்றம் சொல்லிக் கடந்துபோக முடியாது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அணுமின் நிலையங்களில் காவல் பலமடங்கு இறுகியது. அதற்கேற்ப ஆள் சேர்க்காமல், இருந்தவர்களையே கிழமைக்கு 60, 72 மணித்தியாலம் நிறுத்தி வேலை வாங்கிய இடங்கள் உண்டு. அந்த வீடியோவுக்கு முன்பே, 2003இல், ஆணைக்குழு கட்டளை போட்டு, காவலரின் கிழமை வேலையைச் சராசரி 48 மணித்தியாலத்துக்குள் நிறுத்தியது.

நிலையங்களின் மற்ற ஊழியர்களுக்கு 1982இலிருந்தே ஒரு வழிகாட்டல் இருந்தது. அவசரமென்றால் விலக்குப் பெறலாம் என்று அதில் ஒரு வாசலும் இருந்தது. சில நிலையங்களில் அந்த வாசல் வழியாகவே எல்லாரும் போய்வரத் தொடங்கினார்கள். ஆகவே 2008இல் அது முழு விதியானது. எந்த 24 மணித்தியாலத்திலும் 16க்கு மேல் வேலை கூடாது. 48இல் 26, ஏழு நாளில் 72. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் 10 மணித்தியாலம் ஓய்வு வேண்டும். எந்த ஒன்பது நாளுக்குள்ளும் ஒரு தடவையாவது 34 மணித்தியாலம் தொடர்ந்து விடுப்பு வேண்டும். 12 மணித்தியால முறையில் நிற்கும் இயக்குநருக்குக் கிழமைக்குச் சராசரி இரண்டரை நாள் ஓய்வு.

எங்களுக்கு அறுவடைக்காலம் எப்படியோ, அணுவுலைக்கு எரிபொருள் மாற்றிப் பழுதுபார்க்கும் காலம் அப்படி. வெட்டு மெசின் வந்தால் இரவென்ன பகலென்ன என்று நிற்போமே, அங்கேயும் அந்த அவசரம் உண்டு. அதற்காக விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். முதல் 60 நாட்களுக்கு, 15 நாளில் மூன்று நாள் ஓய்வு கொடுத்தால் போதும். எனக்கு இது குறைவாகத்தான் படுகிறது. நெருக்கடி கூடும் நேரத்தில் ஓய்வைக் குறைக்க அனுமதிப்பது, மழை வரும் மாதத்தில் கூரையைப் பிரிப்பது போன்றது.

அந்த விதியில் எனக்கு மிகப் பிடித்த இடம் எண்களில் இல்லை. "எனக்கு அலுப்பாக இருக்கிறது, இந்த வேலையை இப்போது செய்யமுடியாது" என்று தொழிலாளி சொன்னால், அவரை நேரில் பார்த்து மதிப்பிட வேண்டும். 'உமது மணித்தியாலக் கணக்கு எல்லைக்குள்தான் இருக்கிறது, எனவே உமக்கு அலுப்பில்லை' என்று அந்த ஒரு காரணத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று எழுத்திலேயே இருக்கிறது. வீட்டில் காய்ச்சலோடு பிள்ளை இருந்தால், 10 மணித்தியால விடுப்பில் ஒரு மணித்தியாலம்கூட உறங்காமல் வரலாம் என்பதை அந்த வசனத்தை எழுதினவர் அறிந்திருக்கிறார். விலக்குக் கொடுப்பதானாலும் பாதுகாப்புக்கு வரும் கேட்டைத் தடுப்பதற்காக மட்டுமே கொடுக்கலாம். அதற்கு முன் மேற்பார்வையாளர் அந்த ஆளை முகத்துக்கு முகம் பார்க்கவேண்டும். பெரியப்பா சாம்பலுக்குள் கையை விட்டதும் இதற்காகத்தான். என் வாய்ச்சொல்லை அவர் நம்பாமல் விடவில்லை. அது மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கதை எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். மன்னார் வளைகுடாவின் அக்கரையில் கூடங்குளத்தில் 1,000 மெகாவாற் உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நாலு கட்டப்படுகின்றன. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9, கிழமைக்கு 48 மணித்தியாலம் என்று வரையறுத்தது. அணுசக்தி வளாகங்களுக்கென 1996இல் தனி விதிகளும் வந்தன. இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் அணுசக்திச் சபையும் ஒழுங்குமுறைப் பேரவையும் அமைந்திருக்கின்றன. அணுமின் நிலையம் கட்டலாமா என்ற பேச்சும் கொழும்பில் தொடர்கிறது. கதிர்வீச்சு, கழிவு, கடன் என்று கேள்வி கேட்கிறவர்கள் உண்டு. அவர்களோடு சேர்ந்து நான் ஒரு வயல்காரன் கணக்கைக் கேட்கிறேன்: எத்தனை ஆள்?

கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒரு நாற்காலியில் எந்நேரமும் ஒருவர் இருக்கவேண்டும், அவர் கிழமைக்கு 42 மணித்தியாலம் வேலை செய்வார் என்றால், அந்த ஒரு நாற்காலிக்கு நாலு பேர். லீவு, வருத்தம், பயிற்சி, கலியாணவீடு, செத்தவீடு எல்லாம் கணக்கில் வந்தால் ஐந்து, ஆறு பேர். இந்த ஐந்தாவது, ஆறாவது ஆளைச் சும்மா இருக்கிற செலவாகப் பார்க்கும் கணக்காளர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களைக் குறைத்தால் மிச்சம் வேலை மேலதிக நேரமாக மாறும். சம்பளம் போதாத வீட்டுக்கு அந்த மேலதிக நேரக் காசு தேவை. ஆகையால் தொழிலாளியும் எதிர்க்கமாட்டார். உலையை இயக்கத் தெரிந்த ஒருவரை உருவாக்க வருடங்கள் போகும். ஆள் போதவில்லை என்று தெரிந்த பிறகு கடையில் வாங்கமுடியாது.

எந்தக் கணக்கும் உதவாத நேரங்களும் வரும். 2004 டிசம்பர் 26 காலை எங்கள் கடலோர எழுவான்கரையை அடித்த அதே சுனாமி அலை தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் அடித்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையின் கடல்நீர்ப் பம்பி நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. பணியிலிருந்தவர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். நிலைய ஊழியர் குடும்பங்கள் வாழ்ந்த கரையோரக் குடியிருப்பில் அதே வேளை ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தன் வீடு என்ன ஆனதென்று தெரியாமல் ஒரு பலகைக்கு முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

2022 பெப்ரவரி 23 இரவு செர்னோபிலில் வழமையான முறைக்குப் போனவர்கள், மறுநாள் ரஷ்யப் படை வளாகத்தைப் பிடித்ததால் வீடு திரும்பவில்லை. காவலரும் தொழில்நுட்பவியலாளருமாக இருநூறுக்கும் மேற்பட்டோர். மூன்று கிழமை நெருங்கியபோது, உடலும் மனமும் களைத்ததால் பாதுகாப்புக் கருவிகளைப் பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் அறிவித்தது. மார்ச் 20ஆம் திகதிதான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு மாற்று ஆள் வந்தது. ஏறத்தாழ 600 மணித்தியாலம்.

எங்கள் வட்டையில் முன்பு வாடிக்கு இரண்டு பேர் நிற்போம். இளம் பொடியன்மார் கட்டாருக்கும் துபாய்க்கும் போனபின் பல வாடிகளில் தனி ஆள்தான், அதுவும் தொடர்ந்து பல இரவுகள். போன போகத்தில் ஒருவர் அப்படி நின்றுவிட்டு விடியப்புறம் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். இம்முறை நாலு வயல்காரர் சேர்ந்து ஒரே வாடி என்று பேசி முடித்திருக்கிறோம். ஓர் இரவுக்கு இரண்டு பேர், ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு இரவு கிடையாது. மூன்று மணிக்கு அடுத்த வாடிக்காரர் வந்து எங்கள் நெருப்பைப் பார்த்துவிட்டுப் போவார், நாலு மணிக்கு எங்களில் ஒருவர் போய் அவருடையதைப் பார்ப்பார். பெரியப்பாவின் பழைய டோர்ச்சுக்குப் புது பற்றரி போட்டுவைத்திருக்கிறேன். என்னுடைய முறை வருகிற செவ்வாய்க்கிழமை இரவு.