தாழ்த்திய வண்டியின் இயக்குத் தண்டு



அமெரிக்க நாட்டில் 'பிக்கப்' என்று ஒருவகை வண்டி உண்டு. முன்னே ஓட்டுநர் அமரும் அறை. பின்னே மூடாத சரக்குத் தொட்டி. பண்ணைக்கும் கடைக்கும் சுமை ஏற்றிச் செல்லவே பிறந்தவை இவை. செவர்லே நிறுவனத்தார் 1967 முதல் 1972 வரை செய்து விற்ற சி-10 என்னும் பிக்கப் இன்று அங்கே பழம்பொருளின் மதிப்பைப் பெற்றுவிட்டது. அதனை வாங்கிப் புதுக்குவோர் பலர், குட்டையான சுருள்விற்களைப் பொருத்தி வண்டியின் உடலை நான்கைந்து அங்குலம் தரையை நோக்கி இறக்கிவிடுகின்றனர். இது அழகுதானா என்பதில் எனக்கு ஐயமே. சுமை தூக்கப் பிறந்ததைத் தரையோடு தவழவிடுவானேன்? ஆயினும், இறக்கியபின் எழுகின்ற சிக்கல் நம் வகுப்பறைக்கு உரியது. ஆதலின் அதனை இன்று எடுத்துக்கொண்டேன்.

எஞ்சின் வண்டியின் முன்புறத்தில் இருக்கிறது, உந்தப்படுவனவோ பின்சக்கரங்கள். இரண்டிற்கும் இடையே சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட எஃகுக் குழாயே இயக்குத் தண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் 'புரொப்பெல்லர் ஷாப்ட்' என்பார்கள். கியர் பெட்டி சட்டத்தோடு பிணைக்கப்பட்டு அசையாமல் நிற்கும். பின் அச்சோ விற்களின்மேல் ஓயாது ஏறி இறங்கும். ஆகவே தண்டின் இரு முனைகளிலும் மடங்கிக்கொண்டே சுழலத்தக்க மூட்டுகள் தேவைப்படுகின்றன. பட்டறைக்காரர் 'கிராஸ்' என்று அழைக்கும் சிலுவை வடிவ மூட்டு இதுவே. நீங்கள் சுருள்வில் விதியில் சந்தித்த ராபர்ட் ஹூக் 1676ஆம் ஆண்டிலேயே இம்மூட்டினைப் பற்றி எழுதியுள்ளார். அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் இதற்கு மோட்டார் வண்டிக்கேற்ற வடிவம் தந்து காப்புரிமை பெற்றார்.

இம்மூட்டில் ஒரு குறை உண்டு. அது மடங்கிய நிலையில் சுழலும்போது, ஒருபுறம் சீராகச் சுழன்றாலும் மறுபுறம் சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தி, இருமுறை பிந்துகிறது. மடக்கம் 3 பாகையாயின் வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான், பொருட்படுத்த வேண்டியதில்லை. 10 பாகையாயின் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு முந்தியும் பிந்தியும் துடிக்கும். நிமிடத்திற்கு மூவாயிரம் முறை சுழலும் தண்டில் இந்தத் துடிப்பு சிறிதன்று.

இதற்கு மருந்து யாது? முன் மூட்டு செய்த குற்றத்தைப் பின் மூட்டு நேர் எதிராகச் செய்து ஈடுகட்ட வேண்டும். அதற்கு இரு மூட்டுகளின் மடக்கமும் சமமாக இருத்தல் வேண்டும். இரு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று படித்திருக்கிறீர்கள் அன்றோ? கியர் பெட்டியின் அச்சுக்கோடு ஓர் இணைகோடு, பின் அச்சிலுள்ள பினியனின் அச்சுக்கோடு மற்றொன்று, தண்டே குறுக்குவெட்டி. தேர்வுக்காக மட்டும் படித்ததாக நீங்கள் எண்ணிய தேற்றம் அந்த வண்டியின் அடியில் சுழன்றுகொண்டிருக்கிறது! தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்திருக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த விதி. தண்டைக் கழற்றுமுன் நல்ல தொழிலாளி இரு பக்கமும் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக்கொள்வது இதற்காகவே. மடக்கம் அறவே இல்லாதிருப்பதும் தீது. மூட்டினுள் உள்ள ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தை அழுத்திப் பள்ளம் செய்துவிடும். ஒன்று முதல் மூன்று பாகை வரை இருப்பது நலம்.

இனி வண்டியைத் தாழ்த்துவோம். சட்டம் இறங்கியது என்கிறோம். சட்டத்தில் நின்று பார்ப்பவனுக்கோ பின் அச்சுதான் மேலே ஏறியிருக்கும். சி-10 வண்டியின் பின் அச்சை இரு நீண்ட இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. அக்கைகள் முன்முனையில் கீல்போல் திரும்புவன. அச்சு ஏறும்போது கையும் திரும்பும். கையோடு பிணைந்த பினியனின் முகம் கீழ்நோக்கிச் சாயும். கையின் நீளம் 50 அங்குலம் என்று கொண்டு, 5 அங்குலம் தாழ்த்தினால், சாய்வு 6 பாகைக்குச் சற்றுக் குறைவாக வரும். இணைகோடுகள் இப்போது இணைகோடுகள் அல்ல. கைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு செருகி இச்சாய்வைத் திருத்துவர்.

தண்டின் நீளத்தை அளப்பது இதன் பின்னரே. பலர் முதலில் தண்டை வாங்கிவிட்டுப் பிறகு வண்டியை அதற்கு இணங்கவைக்கப் பார்க்கிறார்கள். அளவெடுக்குமுன் சட்டை தைப்பது போன்ற செயல் இது. வண்டி தன் முழு எடையோடு நான்கு சக்கரங்களிலும் நிற்கும்போது அளத்தல் வேண்டும். சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் அச்சு தொங்கிவிடும். கோணமும் நீளமும் பொய் சொல்லும். தண்டின் முன்முனை கியர் பெட்டிக்குள் வழுக்கி நுழைந்து நிற்பது. அச்சின் ஆட்டத்திற்கு இடம்தர, அது இறுதிவரை நுழையாமல் முக்கால் முதல் ஓர் அங்குலம் எஞ்சியிருக்க வேண்டும். இடம் விடாவிட்டால் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது தண்டு கியர் பெட்டியை ஈட்டிபோல் குத்தும்.

அடுத்தது, எத்தகைய தண்டு என்னும் கேள்வி. 127 அங்குலச் சக்கர இடைவெளியுள்ள நீண்ட வண்டிகளில் இரு துண்டுத் தண்டும் நடுவே தாங்கும் பேரிங்கும் இருந்தன. அவற்றை நீக்கி ஒரே தண்டு போடுவது பலரின் விருப்பம். இங்கேதான் பௌதிகம் குறுக்கே நிற்கிறது. நீண்ட குழாய் ஒரு குறித்த வேகத்தை எட்டியதும், சிறுமியர் தாண்டியாடும் கயிறுபோல் நடுவே வில்லாக வளைந்து சுழலத் தொடங்கும். இதற்கு மாறுநிலை வேகம் என்று பெயர். நீளம் இருமடங்கானால் இவ்வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். குழாயின் விட்டம் பெருகினால் ஏறத்தாழ அதே விகிதத்தில் உயரும். 70 அங்குல நீளமும் 3 அங்குல விட்டமும் உடைய எஃகுத் தண்டிற்குக் கணக்குப்படி இது நிமிடத்திற்கு ஏறக்குறைய 3,950 சுற்று. அதில் முக்கால் பங்கு, அதாவது 2,960, பாதுகாப்பான எல்லை. 28 அங்குலச் சக்கரமும் 3.73 பற்சக்கர விகிதமும் கொண்ட வண்டி மணிக்கு 70 மைல் ஓடும்போது தண்டு 3,130 சுற்றுகள் சுழல்கிறது. எல்லை தாண்டியாயிற்று!

விட்டத்தை 4 அங்குலமாக்கினால் மாறுநிலை வேகம் 5,300 அளவுக்கு உயர்ந்து அச்சம் நீங்கும். ஆனால் தாழ்த்திய வண்டியில் தண்டிற்கும் தொட்டியின் அடித்தளத்திற்கும், குறுக்குச் சட்டத்திற்கும் இடையேயுள்ள வெளி சுருங்கிவிட்டதே! பருத்த தண்டு மேடு பள்ளத்தில் இடிக்கும். இடம் இருந்தால் பருத்த ஒற்றைத் தண்டு. இல்லையேல் இரு துண்டுத் தண்டையே வைத்துக்கொண்டு நடுப் பேரிங்கைச் சற்று உயர்த்திப் பொருத்துதல். இரண்டாவது வழியைப் பழமை என்று இகழ்வோர் உண்டு. எனக்கு அதுவே மேலாகத் தோன்றுகிறது.

எதைத் தேர்ந்தாலும், பொறியில் சுழற்றிச் சமநிலை பார்க்காத தண்டை ஏற்றலாகாது. முன் மூட்டினை ஒட்டி ஓர் இரும்பு வளையமும் வேண்டும். முன் மூட்டு ஓட்டத்தில் முறிந்தால், தொங்கும் முனை சாலையில் ஊன்றி வண்டியையே தூக்கி எறியக்கூடும். வளையம் இருந்தால் தண்டு அதற்குள் அடங்கும்.

பொருத்திய பின் ஓட்டிப் பார்த்தல் உண்டு. கிளம்பும்போது மட்டும் வண்டி உதறினால் கோணத்தை ஐயுறுக. வேகம் ஏற ஏற அதிர்வும் வளர்ந்தால், ஆளில்லாத நேர்ச்சாலையில் கியரை நடுநிலைக்குத் தள்ளி உருளவிடுக. அப்போதும் அதிர்வு நீடிக்குமாயின் எஞ்சின்மேல் பழியில்லை. குற்றவாளி தண்டு அல்லது சக்கரம். சக்கரத்தின் அதிர்வு மெல்லத் தட்டும். தண்டின் அதிர்வு அதைப்போல் நான்கு மடங்கு விரைவாக முரலும்.