லயம் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை: கோல சிலாங்கூர் தோட்டங்களின் கதை

பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகே உள்ள தென்னமரம் தோட்டத்திற்கு நாட்டின் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1917-இல் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்குதான் உருவானது. உருவாக்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் அவர் வாங்கினார். அந்த வட்டாரத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பெயர்களைத் தேடினால் பழைய செக்ரோல் புத்தகங்களில்தான் தேட வேண்டும்.

சஞ்சிக்கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணிகளே ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வந்தார்கள். கப்பல் செலவுக்கு 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதி இருந்தது. நாகப்பட்டினத்தில் ஏறிய குடும்பங்கள் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி வட சிலாங்கூருக்குப் பிரிந்து போயின. 1938-இல் இந்திய அரசு இந்த ஆள் சேர்ப்பைத் தடை செய்தது.

விடியுமுன் பெரட்டு. கிராணியார் பெயர் கூப்பிட, மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில். வெயில் ஏறுவதற்குள் மரம் சீவி, பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, காண்டா வாளியில் ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. 1920-களின் இறுதியில் நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரத்துக்கு மட்டும் ஆண், பெண் பேதம் தெரியாது. மாலையில் கோயில் ஒரு பக்கம், கள்ளுக்கடை மறுபக்கம். இரண்டுமே தோட்ட எல்லைக்குள்தான் இருந்தன. இரண்டுக்கும் நிர்வாகத்தின் தயவு வேண்டியிருந்தது.

இன்னொரு குடியேற்றத்தோடு இதை ஒப்பிட்டால் ஒன்று புரியும். 1630-இல் இங்கிலாந்திலிருந்து ஜான் வின்த்ரோப் தலைமையில் அமெரிக்காவின் மாசசூசெட்சுக்குப் போன பியூரிட்டன்களும் கடல் கடந்தவர்கள்தான். முதல் ஆண்டுகளில் நோயிலும் பசியிலும் பலரைப் பறிகொடுத்தார்கள். ஆனால் சபை சபையாக, குடும்பம் குடும்பமாகப் போன அவர்கள் வழிபாட்டு மண்டபத்தைச் சுற்றி ஊர் அமைத்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அது பூர்வகுடிகளின் மண் என்பது வேறு கதை. மாற்றுக் கருத்து சொன்ன ரோஜர் வில்லியம்சை ஊரைவிட்டே விரட்டினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் நிலம் கைக்கு வந்தது. பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுத, வாசிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும் என்று 1647-இல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது. நோக்கம், பிள்ளைகள் பைபிள் படிக்க வேண்டும். மலாயாவின் 1923 தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். நடந்தது பெரும்பாலும் ஒரு கொட்டகையில். கிராணியோ கங்காணியோ சில இடங்களில் வாத்தியார். அந்தப் பிள்ளைகள் படித்துவிட்டு மீண்டும் பால் மரத்துக்கே வந்தால் போதும் என்று நினைத்த நிர்வாகங்கள் கொஞ்சமல்ல.

லயம் வேலையோடு ஒட்டியது. வேலை போனால், அல்லது வயதாகிப் போனால், வீடும் போகும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களாயின. அண்டையிலுள்ள உலு சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஓய்வு பெற்றவர் எங்கே குடியிருப்பார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கோல சிலாங்கூர் மாவட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் இன்றும் 'தோட்டம்' இருக்கிறது. லயங்கள் காலியான பிறகு, பிள்ளைகள் பட்டணத்துத் தாமான்களிலிருந்து வேன் பிடித்து அங்கே வருகிறார்கள்.