டிராக்டர் கரும்புகை கக்கினால்



டர்போ வைத்த டிராக்டர் உழவில் திணறிக் கரும்புகை கக்குகிறதா? எடுத்தவுடனே டீசல் பம்பைக் கழற்றிடாதீங்க. கரும்புகை என்றால், உள்ளே போகும் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அது வேறு கோளாறு.

முதலில் ஏர் கிளீனரைப் பாருங்க. தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்க, அல்லது மாற்றுங்க.

அடுத்தது, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாய். அதில் வெடிப்போ, தளர்ந்த கிளிப்போ இருந்தால் அழுத்தக் காற்று வெளியே போய்விடும். சுமை ஏறும்போது கேட்கும் 'புஸ்' சத்தமும், மூட்டில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதாக, எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறிய பிறகு, டர்போவின் விசிறியை விரலால் சுழற்றிப் பாருங்க. எங்கும் உரசக் கூடாது. இம்மூன்றும் சரியாக இருந்தால்தான் நாசிலையும் பம்பையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

'புகைதானே' என்று விட்டுடாதீங்க. எரியாத டீசல் சிலிண்டர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். அளவுக்கம்பியில் ஆயில் மட்டம் ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் வண்டியை ஓட்டாதீங்க. ஒரு கிளிப்பைத் திருகினால் தீருகிற காரியம், எஞ்சினைப் பிரிக்கிற வரைக்கும் போகலாமா?