காலிப் பெட்டிக்கு இவ்வளவு விலையா?

கம்ப்யூட்டரின் உறுப்புகளை உள்ளே வைத்து மூடும் வெறும் பெட்டி. அதற்குப் பல ஆயிரம் ரூபாய் விலை சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் கணக்கைச் சற்றுக் கேளுங்கள்.

ஜெர்மானியர் ஒருவர் வரைந்த 'டான் ஏ4' பெட்டியின் கொள்ளளவு 7.2 லிட்டர்தான், அரைக் குடம் தண்ணீர் பிடிக்கும் இடம்! மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தியது அவருடைய சாமர்த்தியம். ஆனால் காகிதத்தில் வரைந்தால் பெட்டியாகிவிடுமா? அலுமினியத் தகட்டை வெட்ட வேண்டும், துளையிட வேண்டும், வளைக்க வேண்டும், சாயமேற்ற வேண்டும். இதற்கென யந்திரங்களைத் திருத்தி அமைக்கும் செலவு பத்துப் பெட்டிக்கும் ஒன்றுதான், பத்தாயிரத்துக்கும் ஒன்றுதான். அது 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பெட்டி செய்தால் ஒன்றுக்கு 50 ரூபாய். 100 பெட்டிதான் என்றால் 5,000 ரூபாய்! போதாக்குறைக்குக் கப்பல் கூலி. அடைக்கும் இடத்துக்குத்தான் கட்டணம் என்பதால், பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும்.

இந்த முதலை யார் போடுவது? 2016-ல் அவர் அமெரிக்காவின் 'கிக்ஸ்டார்ட்டர்' மூலம், வாங்க விரும்புவோரிடமே முன்பணம் கேட்டார். குறித்த தொகை கெடுவுக்குள் சேராவிட்டால் எவரிடமும் காசு பிடிப்பதில்லை. சேர்ந்தால் கிக்ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கு ஐந்து. பணம் சேர்ந்தது, தைவானின் லியான் லி கம்பெனி பெட்டிகளைச் செய்து கொடுத்தது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. முன்பணம் வாங்கிய பிறகு உலோக விலையோ கப்பல் கூலியோ ஏறினால், நஷ்டம் செய்பவர் தலையில். அவர் நொடித்துப் போனால் பணம் கொடுத்தவருக்குப் பெட்டியும் இல்லை, பணமும் இல்லை. கிக்ஸ்டார்ட்டரோ, தான் ஒரு கடையல்ல என்று 2012-லேயே அறிவித்துவிட்டது.