சிறு படகின் மின்சார மோட்டார்: பழுது அறியும் முறையும் செப்பனிடும் வழியும்

காசிமேட்டில் நிற்கும் விசைப்படகுகள் டீசல் எஞ்சினால் ஓடுபவை. எண்ணூர்ப் பக்கத்துப் பைபர் படகுகளில் பூட்டியிருப்பதும் பெரும்பாலும் எண்ணெய் எஞ்சினே. ஆயினும், ஆழமில்லாத கழியில் மெதுவாக நகர்ந்து தூண்டில் இடுவதற்கும், ஏரி குளங்களில் மீன் வளர்ப்போர் தீனி இடுவதற்கும் பாட்டரியால் இயங்கும் சிறு மோட்டார் ஏற்றது. புகை இல்லை, ஓசை குறைவு, எண்ணெய்ச் செலவும் இல்லை. 1881-ம் வருஷத்தில் பாரிஸ் நகரில் குஸ்தாவ் துரூவே என்பவர் இத்தகைய மோட்டாரைப் படகில் பூட்டி ஓட்டினார். தூண்டில் படகுக்கென்றே அமைந்த மோட்டாரை 1934-ல் அமெரிக்காவில் ஓ. ஜி. ஷ்மித் செய்தார். ஏரிக்குத்தகை எடுத்த குடியானவர்களும், அதனைக் கண்காணிக்கும் கிராம அலுவலர்களும் இதன் பழுதுகளை அறிந்திருத்தல் நலம்.

இம்மோட்டார் நடுநீரில் நின்றுவிடின் ஏரியில் சிரமம் மட்டுமே உண்டு. எண்ணூர் முகத்துவாரத்திலோ ஆபத்து உண்டு. கொசஸ்தலையாற்று நீர் வற்றத்தின்போது கடலை நோக்கி விரைந்து ஓடும். விசையற்ற படகு அதனோடு போகும். ஆகையால் துடுப்பும் நங்கூரமும் இன்றி மோட்டாரை மட்டும் நம்பிப் புறப்படலாகாது. முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குள் செல்ல இம்மோட்டார் ஏற்றதன்று.

மோட்டார் ஓடாவிட்டால் பலரும் முதலில் அதனையே கழற்றுகிறார்கள். இது தவறான முறை. பழுது பெரும்பாலும் மோட்டாருக்கு வெளியே, பாட்டரியிலோ கம்பியிலோ விசிறியிலோ இருக்கும். நன்றாயிருக்கும் மோட்டாரை அவசரமாகத் திறந்தால் நீர்த்தடுப்பு ரப்பர் வளையங்கள் கெட்டு, இல்லாத பழுதும் உண்டாகும். எனவே பாட்டரியில் தொடங்கி, கீழ்க்கண்ட வரிசையிலேயே சோதித்தல் வேண்டும். இதற்குத் தேவையான கருவி ஒரு மல்ட்டி மீட்டர் மட்டுமே.

1. பாட்டரி

மின்னேற்றம் முடிந்து சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் ஈய ஆசிட் பாட்டரி, 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.2 எனக் காட்டினால் ஏறக்குறைய பாதி தீர்ந்தது எனக் கொள்க. ஓய்வில் நல்ல அளவு காட்டும் பாட்டரியும் வேலை செய்கையில் தோற்பதுண்டு. ஆதலால் விசிறியை நீரில் முழுகவைத்து, மோட்டாரை முழு வேகத்தில் சில நிமிஷம் ஓட்டிக்கொண்டே அளக்க வேண்டும். அப்பொழுது 10.5 வோல்ட்டுக்குக் கீழே வீழ்ந்தால், ஆறு அறைகளில் ஒன்று கெட்டிருக்கலாம்.

லித்தியம் பாட்டரிக்கு இக்கணக்கு பொருந்தாது. அது தீரும் வரை ஏறக்குறைய 13 வோல்ட்டிலேயே நின்று, முன்னறிவிப்பின்றித் திடீரென அணைந்துவிடும். அதற்குரிய சார்ஜரால் மட்டுமே அதனை மின்னேற்ற வேண்டும்.

2. கம்பியும் மூட்டுகளும்

55 பவுண்டு இழுப்புள்ள மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் மின்சாரம் வாங்கும். ஓடும்போது பாட்டரி முனைகளில் 12 வோல்ட்டும் மோட்டார் முனைகளில் 11 வோல்ட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடையில் தொலைந்த 1 வோல்ட், 50 ஆம்பியரோடு பெருகி 50 வாட் வெப்பமாகிறது. இது ஒரு சால்டரிங் அயர்னின் சூட்டுக்கு ஒப்பாகும். கம்பி உறை உருகுவதும் மோட்டார் தளர்வதும் இதனாலேயே.

வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க. சூடான மூட்டே குற்றவாளி. பச்சைக் களிம்பு பிடித்த கம்பியை நறுக்கிவிட்டு, ஈயம் பூசிய செம்பு முனைகளை அழுத்திப் பொருத்த வேண்டும். வெறுங்கையால் முறுக்கி டேப் சுற்றிய மூட்டு உப்பங்காற்றில் நிலைக்காது. பாட்டரி முனைகளைச் சமையல் சோடாக் கரைசலால் கழுவி, உலர்த்தி, முடுக்கிய பின் வாசலீன் தடவுக. பாட்டரியின் நேர் முனைக்கருகில் பியூஸ் இருத்தல் அவசியம். அது அடிக்கடி எரியுமாயின் காரணத்தைத் தேட வேண்டுமேயன்றி, அதற்குப் பதில் கம்பித் துண்டைக் கட்டலாகாது.

3. வேக சுவிட்சு

ஐந்து படிகள் உள்ள மோட்டாரில் ஐந்தாம் வேகம் மட்டும் ஓடி, மற்றவை ஓடாவிடின், வேகத்தைக் குறைக்கும் சுருள் எரிந்தது எனத் துணியலாம். அச்சுருளை மாற்றினால் போதும். மோட்டாரைத் தொட வேண்டுவதில்லை.

4. விசிறி

மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் படகு நகராவிட்டால், விசிறியைத் தாங்கும் சிறு ஊசி ஒடிந்திருக்கும். கல்லிலோ கட்டையிலோ மோதும்போது அச்சைக் காப்பதற்காகவே அது ஒடியும்படி அமைந்துள்ளது. அதற்குப் பதிலாக இரும்பாணியைச் செருகினால் அடுத்த மோதலில் அச்சே வளையும். அதற்குரிய ஊசிகள் இரண்டை எப்பொழுதும் படகில் வைத்திருக்க.

விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும் நைலான் வலை நூல் அதனினும் கொடியது. அது மெல்ல அறுத்துக்கொண்டு உட்சென்று நீர்த்தடுப்பைக் கெடுக்கும். உப்பு நீர் உட்புகுந்து மோட்டாரை அழிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை விசிறியைக் கழற்றி நூல் உளதா எனக் காணுதல் வேண்டும்.

5. மோட்டார்

மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தால் மட்டுமே மோட்டாரைச் சந்தேகிக்க. அப்பொழுதும் திறவாமலே ஒரு சோதனை உண்டு. பாட்டரியினின்றும் கம்பிகளை முற்றிலும் நீக்கி, மோட்டாரினின்று நேராக வரும் இரு கம்பிகளையும் பிரித்து வைத்து அச்சைக் கையால் சுழற்றுக. பின்னர் அவ்விரு கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சுழற்றுக. இப்பொழுது அச்சு முன்னிலும் கடினமாகச் சுழன்றால் கார்பன் பிரஷ்ஷும் சுருளும் இணைப்புற்றிருக்கின்றன. வேறுபாடு தெரியாவிடின் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது சுருள் அறுந்திருக்கலாம். இரு நிலையிலும் அச்சு உராய்ந்து இறுகினால் நீர் புகுந்து துருவேறியது எனக் கொள்க. இந்நிலையில் இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளிலுள்ள ரீவைண்டிங் பட்டறைகளை நாடலாம். திறந்த மோட்டாரின் ரப்பர் வளையங்களை மீண்டும் போடாமல் புதியவை போடச் சொல்ல வேண்டும்.

காப்பு முறைகள்

நன்னீருக்கென்று செய்த மோட்டாரைக் கழியில் இட்டால் விரைவில் அரிக்கும். உப்பு நீருக்குரியதையே வாங்குக. கழியிலிருந்து திரும்பியதும் நன்னீரால் கழுவி உலர்த்துக. 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவி, படகுகளிலும் வலைகளிலும் படிந்ததை யாவரும் அறிவர். எண்ணெய் சில வகை ரப்பரை ஊறி நெகிழச் செய்யும். ஆதலின் எண்ணெய் பட்ட மோட்டாரையும் கம்பிகளையும் சோப்பு நீரால் துடைத்த பின், ரப்பர் வளையங்களைச் சோதித்தல் வேண்டும்.

மின்னேறும் ஈய பாட்டரி தீப்பற்றும் வாயுவை வெளிவிடும். ஆகவே மூடிய பெட்டியில் மின்னேற்றலாகாது. அருகில் பீடி, நெருப்பு கூடாது. கழற்றும்போது எதிர் முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் தொடுக.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய உள்ள 61 நாள் தடைக்காலத்தில், காசிமேட்டார் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கின்றனர். பழுது வரும்வரை காத்திராமல் பருவத்தில் பார்க்கும் அவ்வழக்கத்தை மின் மோட்டார் உடையவர்களும் கைக்கொள்ள வேண்டும். ஏரிக்குத்தகை விடும் ஊராட்சிகள் ஒரு மல்ட்டி மீட்டரை வாங்கி வைத்து, அதனைப் பிடிக்கும் முறையை ஓர் இளைஞருக்குக் கற்பித்துவிட்டால், அதன் விலை ஒரே ஒரு வீண் ரீவைண்டிங்கைத் தவிர்ப்பதிலேயே திரும்பிவிடும்.